பறவை காண நல்ல இடம் எது? நிலத்தின் வரலாறு தரும் விடை



பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் பெற்றோர் சிலரும் புறப்பாட நடவடிக்கைப் பொறுப்பாசிரியர் சிலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மாணவர்களைப் பறவை பார்க்க அழைத்துச் செல்ல வேண்டும். நம் வட்டாரத்தில் நல்ல இடம் எது? கேட்பவர் பெரும்பாலும் ஓர் ஊரின் பெயரை மட்டுமே எதிர்பார்க்கின்றார். பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆயினும் அந்த இடத்திற்குப் பறவைகள் ஏன் வந்தன, அங்கே பறவைகள் உள்ளன என்பது உலகிற்கு எவ்வாறு தெரிந்தது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை அறிந்துவிட்டால், பிறரைக் கேளாமலே நம் ஊருக்கு அருகில் ஓர் இடத்தை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

அவ்விரு கேள்விகளுக்கும் விடை வரலாற்றில்தான் இருக்கின்றது. மேற்கு மலேசியாவில் 600க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றைக் காண நாம் செல்லும் இடங்களுள் பல, மனிதர் காலடி படாத காடுகள் அல்ல. ஈயம் தோண்டிய குழி, கரிக்காக மரம் வெட்டிய சதுப்பு, இறால் வளர்த்த குளம், வெயிலுக்கு அஞ்சிய அதிகாரிகள் ஏறிய மலை, கப்பலுக்கு வழிகாட்டிய விளக்குமுனை ஆகிய இவையே இன்று பறவை ஆர்வலர்கள் கூடும் இடங்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஈயம் விட்டுச்சென்ற ஏரிகள்

பேரா மாநிலத்தின் தைப்பிங் நகரிலிருந்து தொடங்குவது பொருத்தம். அன்று லாருட் என்று வழங்கிய அப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈயம் தோண்டும் தொழில் பெருகியது. ஈயச் சுரங்கங்களின் உரிமைக்காகச் சீனக் குழுக்களுக்கிடையே 1861ஆம் ஆண்டு முதல் மூண்ட லாருட் போர்களும், அவற்றை முடித்து வைத்த 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையும் நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் படிப்பவையே. ஈயம் தீர்ந்த பின் எஞ்சியவை நீர் தேங்கிய பெருங்குழிகள். 1880ஆம் ஆண்டில் அக்குழிகளைச் சுற்றி மரம் நட்டுப் பொதுமக்களுக்கான பூங்காவாக அமைக்கத் தொடங்கினர். அதுவே இன்றைய தைப்பிங் ஏரிப் பூங்கா. தூங்குமூஞ்சி மரங்கள் கிளை விரித்து நீரைத் தொடும் அவ்வேரிக் கரையில் கொக்கும் மீன்கொத்தியும் இருப்பது இயற்கையின் கொடை என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் ஈயம் வெட்டிய கூலியாட்களின் மண்வெட்டியும் அங்கே பங்கு கொண்டுள்ளது.

தெற்கே கிந்தாப் பள்ளத்தாக்கில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. பத்து காஜாவுக்கு அருகில் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயக் கப்பலைப் பார்த்தவர்கள் அதன் பேருருவை மறக்க மாட்டார்கள். 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கப்பல் 1982ஆம் ஆண்டு வரை மண்ணை அள்ளி ஈயத்தைப் பிரித்துக் கொண்டிருந்தது. 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தொழிலாளர்கள் வேலை இழந்தனர். கைவிடப்பட்ட குட்டைகளில் புல்லும் நாணலும் முளைத்தன, மீன் பெருகியது, குட்டைகளின் நடுவே மிஞ்சிய திட்டுகளில் மரங்கள் வளர்ந்தன. சுற்றிலும் நீர் இருப்பதால் எதிரிகள் எளிதில் அணுக முடியாத அத்திட்டுகளில் நாரையினப் பறவைகளும் கொக்குகளும் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. கிந்தா இயற்கைப் பூங்கா எனப்படும் அப்பகுதி, நம் நாட்டின் பெரிய கொக்குக் கூட்டிடங்களுள் ஒன்றாகப் பறவையியலாரிடையே பெயர் பெற்றது.

ஒரு தலைமுறையின் வாழ்வாதாரம் முடிந்த இடத்தில் பறவைகளின் வாழ்வு தொடங்கியது. இதில் மகிழ்வதா வருந்துவதா என்பதைவிட, இந்தத் தொடர்பை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதே ஆசிரியர்களாகிய நம் கடமை.

கரிக்காடும் பால்நிற நாரையும்

தைப்பிங்கிலிருந்து மேற்கே கடலை நோக்கிச் சென்றால் கோல செப்பெத்தாங் வருகின்றது. அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் இரும்புப் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் இத்துறைமுகத்திற்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளமே உடைய அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படையினர் வரவழைக்கப்பட்டனர்.

ஈயம் ஏற்றிய அத்துறைமுகத்தைச் சூழ்ந்திருப்பதே மாத்தாங் அலையாத்திக் காடு. ஏறக்குறைய 40,000 எக்டர் பரப்புள்ள இக்காடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டு, ஒழுங்குமுறையோடு வெட்டப்பட்டு வருகின்றது. ஒரு பகுதியில் மரம் வெட்டினால், அங்கே மீண்டும் வெட்ட ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. வெட்டிய மரம் கோல செப்பெத்தாங்கின் சூளைகளில் கரியாகின்றது. வெட்டுவதற்குக் காடு வேண்டும் என்பதற்காகவே காடு காக்கப்பட்டது. சேற்று நிலமும் உப்பங்கழியும் தப்பின. அவற்றோடு பறவைகளும் தப்பின.

இக்காட்டின் வடபகுதியில் அமைந்துள்ள கோல கூலா என்னும் மீனவ ஊரைப் பறவை ஆர்வலர்கள் நன்கு அறிவர். வட ஆசியாவின் குளிரிலிருந்து தப்பி வரும் உள்ளான் இனங்கள் செப்டம்பர் முதல் மார்ச் வரை அங்குள்ள சேற்றுத் திட்டுகளில் இரை தேடுகின்றன. பால்நிற நாரை என்னும் அரிய பறவையும் இங்குதான் புகழ் பெற்றது. மலாய் மொழியில் இதனைப் பூரோங் போத்தாக் உப்பே என்பர்.

இப்பறவையின் கதை துயரமானது. 1980களில் மாத்தாங் கடற்கரையில் ஏறக்குறைய நூறு பால்நிற நாரைகள் எண்ணப்பட்டன. 2000களில் எண்ணியபோது பத்துக்கும் குறைவாகவே தென்பட்டன. தேசிய விலங்கியல் பூங்காவில் இனம் பெருக்கிய பறவைகளைக் கொண்டுவந்து விடும் முயற்சிகளும் நடந்தன. இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. நூறு பத்தாகியது என்று இன்று சொல்ல முடிவதற்குக் காரணம், நூறு இருந்த காலத்தில் யாரோ சிலர் படகேறிச் சென்று எண்ணி எழுதி வைத்ததுதான். அவர்கள் எழுதாதிருந்தால் இழந்ததுகூட நமக்குத் தெரிந்திராது.

மலையும் முனையும்

ஈயம் தேடியவர்களால் அறியப்பட்ட இன்னோர் இடம், பகாங் மாநிலத்தில் சிலாங்கூர் எல்லையை ஒட்டியுள்ள பிரேசர் மலை. லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1890களில் அம்மலையில் ஈயத் தொழில் செய்துவந்தார். பின்னர் அவர் அங்கிருந்து மறைந்துபோனார். 1917ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பேராயர் பெர்குசன் டேவி அவரைத் தேடி மலையேறினார். பிரேசரைக் காணவில்லை, ஆனால் குளிர்ந்த காற்று வீசும் மலை முகடுகளைக் கண்டார். அவர் அளித்த தகவலின் பின் 1919ஆம் ஆண்டில் பணிகள் தொடங்கி, 1922ஆம் ஆண்டில் மலை வாழிடம் திறக்கப்பட்டது.

ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில், மலை முகடுகளை ஒட்டி வளைந்து செல்லும் சாலைகள் அதிகாரிகளின் ஓய்வுக்காகப் போடப்பட்டவை. அவை பறவை பார்ப்பவர்களுக்கு எதிர்பாராத ஒரு நன்மையைச் செய்தன. அடர்ந்த காட்டினுள் நிற்பவர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் மர உச்சியில் உள்ள பறவையைக் காண்பது அரிது. மலைச் சரிவின் விளிம்பில் செல்லும் சாலையில் நிற்பவருக்கோ, கீழே வேரூன்றிய மரத்தின் உச்சி கண்ணுக்கு நேரே வந்து நிற்கின்றது. பல இனப் பறவைகள் ஒன்றாகக் கலந்து கிளைக்குக் கிளை இரை தேடிச் செல்லும் காட்சியைச் சாலையோரத்தில் நின்றபடியே காணலாம். 1988ஆம் ஆண்டில் இங்கே தொடங்கப்பட்ட அனைத்துலகப் பறவை காணும் போட்டி இம்மலையின் பெயரை நாடு கடந்து கொண்டு சென்றது.

மலையிலிருந்து கடலுக்கு வருவோம். போர்ட்டிக்சனுக்கு அருகில், நெகிரி செம்பிலான் நிலத்தால் சூழப்பட்டிருந்தும் மலாக்கா மாநிலத்திற்கு உரியதாக உள்ள சிறு நிலமுனை தஞ்சோங் துவான். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கே விளக்கு அமைத்தனர்; இன்று நிற்கும் கலங்கரை விளக்கம் 1863ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1606ஆம் ஆண்டில் டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் இம்முனைக்கு அருகிலேதான் கடற்போர் நடத்தினர். நீரிணை இங்கே குறுகலாக இருப்பதே இவற்றிற்கெல்லாம் காரணம்.

கப்பலோட்டிகளுக்கு இன்றியமையாத அதே குறுகிய நீரிணை பருந்துகளுக்கும் இன்றியமையாததாயிற்று. பெரிய பருந்துகள் சிறகடித்தே நெடுந்தொலைவு பறப்பதில்லை. வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றில் ஏறி, உயரத்திலிருந்து சறுக்கிச் செல்வதே அவற்றின் வழக்கம். கடலின் மேல் அத்தகைய காற்று எழுவது குறைவு. ஆதலால் அவை கடலை மிகக் குறுகலான இடத்தில் கடக்கவே விரும்புகின்றன. சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவான் ஏறக்குறைய 38 கிலோமீட்டர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் களைத்துத் தாழப் பறந்து இம்முனையை வந்தடைகின்றன. வெட்டப்படாமல் எஞ்சிய சிறு காடு அவற்றை வரவேற்கின்றது. 2000ஆம் ஆண்டில் மலேசிய இயற்கைக் கழகம் இங்கே பருந்து காணும் விழாவைத் தொடங்கியது.

எழுதி வைத்தவர்கள்

பறவைகள் வந்த காரணத்தைக் கண்டோம். இனி, அங்கே பறவைகள் உண்டென்று நமக்குத் தெரிந்த வழியைக் காண்போம்.

1883ஆம் ஆண்டில் தைப்பிங்கில் பேரா அரும்பொருளகம் தோன்றியது. அக்கால அறிஞர்கள் பறவைகளைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி, பெட்டியில் அடுக்கி ஆராய்ந்தனர். அரும்பொருளக அதிகாரியான ராபின்சன் எழுதிய மலாய்த் தீபகற்பப் பறவைகள் பற்றிய பெருநூலின் முதல் தொகுதி 1927ஆம் ஆண்டில் வெளிவந்தது. துப்பாக்கியின் இடத்தைத் தொலைநோக்கியும் குறிப்பேடும் மெல்ல மெல்லப் பிடித்தன. 1940ஆம் ஆண்டில் மலாயா இயற்கைக் கழகம் தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் தாம் கண்டவற்றை எழுதி அனுப்பக் கழகத்தின் ஆய்விதழ் இடம் தந்தது.

இவ்வரலாற்றில் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒருவர் மடோக். மலாயாவில் காவல்துறை அதிகாரியாக இருந்த அவர், சப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரின் சாங்கியில் சிறை வைக்கப்பட்டார். தொலைநோக்கி இல்லை; நல்ல உணவும் இல்லை. அந்நிலையிலும் பறவைகளைப் பற்றி அவர் எழுதினார். கிடைத்த தாள்களில் தட்டச்சு செய்து 1943ஆம் ஆண்டில் ஒரே ஒரு படியாக அந்நூல் சிறைக்குள் உருவானது. போர் முடிந்தபின் 1947ஆம் ஆண்டில் மலாயா இயற்கைக் கழகம் அதனை அச்சிட்டது. மலாயாப் பறவைகளுக்கு ஓர் எளிய அறிமுக நூல் இவ்வாறு பிறந்தது.

இன்னொருவர் லோக் வான் தோ. ஈயத்தால் செல்வந்தரான லோக் யூவின் மகன். கேத்தே திரைப்பட நிறுவனத்தின் தலைவர். 1942ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து தப்பிச் சென்றபோது அவர் ஏறிய கப்பல் குண்டுவீச்சுக்கு ஆளாகி, தீக்காயமுற்றுச் சில காலம் கண்பார்வையும் இழந்தார். பின்னர் இந்தியா சென்று, பறவையியல் அறிஞர் சலீம் அலியின் நட்பைப் பெற்றார். பார்வை மீண்ட அவர் உலகம் போற்றும் பறவை ஒளிப்படக் கலைஞரானார். 1964ஆம் ஆண்டில் தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

ஏடு காத்த நிலமும் காக்காத நிலமும்

எழுதி வைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். சிங்கப்பூரின் சுங்கை பூலோ அதற்கு விடை சொல்லும்.

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில் இறால் வளர்த்த குளங்கள் இருந்தன. கடல்நீரை உள்ளே விடவும் வெளியேற்றவும் மதகுகள் அமைந்த குளங்கள் அவை. 1986ஆம் ஆண்டில் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அங்கே வலசைப் பறவைகள் பெருமளவில் தங்குவதைக் கண்டனர். அந்நிலம் வேளாண் தொழில்நுட்பப் பூங்காவிற்காகக் குறிக்கப்பட்டிருந்தது. அவர்கள் பறவைகளை எண்ணினர், பட்டியலிட்டனர், ஏன் காக்க வேண்டும் என்று அறிக்கை எழுதி அரசிடம் அளித்தனர். அரசும் செவிசாய்த்தது. 87 எக்டர் நிலம் 1989ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, 1993ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் அது 130 எக்டர் பரப்புள்ள சதுப்புநிலக் காப்பகமாக உயர்ந்தது. இறாலுக்காகக் கட்டிய மதகு முறையே பின்னர் பறவைகளுக்காக நீர்மட்டத்தை ஏற்றி இறக்கப் பயன்பட்டது.

நம் நாட்டில் ஏறக்குறைய அதே காலத்தில், 1987ஆம் ஆண்டில், கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா உருவானது. டச்சுக்காரர் 1784ஆம் ஆண்டில் கைப்பற்றி, மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்ட கோட்டை அமைந்த புக்கிட் மெலாவாத்தி குன்றின் அடிவாரத்தில், அலையாத்திக் காட்டோடு சேர்ந்த நிலம் அது. 1907ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கத்தைக் காணக் குன்றின்மேல் ஏறும் குடும்பங்கள், கீழே ஒரு பறவை உலகம் இருப்பதை அறியாமலே திரும்பிவிடுகின்றன. கோயில் குடமுழுக்கின்போது கருடன் வட்டமிடுவதாக நாம் கைகூப்பிப் பார்க்கும் அதே செம்பருந்தை அவ்வூரின் ஆற்று முகத்துவாரத்தில் நாள்தோறும் காணலாம்.

ஏடு எல்லா நிலத்தையும் காத்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் செனோக்கோ சதுப்புநிலத்தில் பறவைகள் பதிவாகியிருந்தன. ஏறக்குறைய 25,000 பேர் கையொப்பமிட்டு மனு கொடுத்தனர். இருந்தும் 1994ஆம் ஆண்டில் அந்நிலம் வீடமைப்பிற்காகச் சென்றது. 1908ஆம் ஆண்டு முதல் பல சமயத்தாரின் உடல்களைத் தாங்கிய பிடாடாரி இடுகாடு, கல்லறைகளுக்கிடையே வளர்ந்த பழமரங்களால் வலசைப் பறவைகளின் தங்குமிடமாகியது. அதுவும் வீடமைப்பு நகராயிற்று. ஒரு பகுதி மட்டும் பூங்காவாக விடப்பட்டது. எழுதினால் காப்பாற்றலாம் என்பதற்கு உறுதி இல்லை. ஆனால் எழுதாத நிலத்திற்காக வாதாட எவரிடமும் சான்று இராது.

நம்மவர் எழுதாத ஏடு

இதுவரை சொன்ன பெயர்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அதிகாரி, பேராயர், செல்வந்தர், கழக உறுப்பினர். நம் தாத்தா பாட்டியின் பெயர் அங்கே இல்லை.

அவர்கள் பறவைகளை அறியாதவர்களா? குளிர்ந்த நேரத்தில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால், பால்மரம் வெட்டுவோர் விடியலுக்கு முன்பே காட்டுக்குள் இருந்தனர். பறவைகள் கூவும் நேரமும் அதுவே. பறவை பார்ப்பவர்கள் கடிகாரம் வைத்து எழுந்து செல்லும் அந்த வேளையில், நம்மவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாள்தோறும் மரத்துக்கு மரம் நடந்தனர். லயத்தின் பின்புறத்தில் குண்டுகரிச்சான் பாடும். லாலான் புல்லுக்குள் செண்பகம் குரல் கொடுக்கும். வாய்க்காலில் மீன்கொத்தி பாயும். எந்தப் பறவை எந்த மாதத்தில் வந்தது, எந்த ஆற்றோரத்தில் அடைந்தது என்பதையெல்லாம் அறிந்த தலைமுறை அது. அந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை.

கோல சிலாங்கூருக்கு அருகிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்தில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி போக்கோனியே. தோட்டத்தின் பெயரோ தென்னமரம்! செம்பனை வரலாற்றின் முதல் பக்கத்திலேயே தமிழ்ச் சொல் நிற்கின்றது. ஆனால் அத்தகைய தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் கண்ட பறவைகளுக்கு ஒரு பக்கமும் இல்லை.

தோட்டம் காட்டுக்கு ஈடாகாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே மரத்தை வரிசையாக நட்ட நிலத்தில் காட்டுப் பறவைகளில் சிறு பங்கே வாழ முடியும். ஆயினும் ஒரு பறவைக்குச் செம்பனை பெருவாழ்வு தந்தது. அதுவே கூகை. 1960களின் பிற்பகுதி வரை தீபகற்பத்தில் அரிதாக இருந்த இப்பறவை, செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளைத் தேடி வந்து தோட்டங்களில் பெருகியது. 1980கள் தொடங்கித் தோட்ட நிருவாகங்களே கம்பங்களில் மரப்பெட்டிகளைப் பொருத்திக் கூகைகளை வரவேற்றன. அலறினால் ஆகாது என்று நம் பாட்டிமார் அஞ்சிய பறவை, எலி நஞ்சின் தேவையைக் குறைக்கும் தோட்டத் தொழிலாளி ஆகிவிட்டது! செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பள்ளிகளுக்கு இதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் வேறில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பறவைகளை நேரில் அறிந்த பெரியவர்கள் அகவை முதிர்ந்து நிற்கின்றனர். குண்டுகரிச்சான், செண்பகம், கூகை என்னும் பெயர்களே நம் பிள்ளைகளுக்கு அயலாகி வருகின்றன. நாம் இழந்து வருவது நிலம் மட்டுமன்று. அந்நிலத்தைப் பற்றிய தமிழும்தான்.

நம் ஊரில் இடம் தேடும் முறை

மேலே கண்ட வரலாற்றிலிருந்து சில வழிகளைத் தொகுத்துத் தருகின்றேன்.

1. ஊர்ப் பெயரைப் படியுங்கள். கோல என்றால் ஆற்றின் முகத்துவாரம். பாயா என்றால் சதுப்பு. தாசிக் என்றால் ஏரி. பாரிட் என்றால் வாய்க்கால். தஞ்சோங் என்றால் நிலமுனை. வீடுகள் வந்துவிட்ட பின்னும் பழைய நிலத்தின் இயல்பைப் பெயர் சொல்லிக்கொண்டே இருக்கும். அங்கே எஞ்சிய ஈரநிலத்தைத் தேடுங்கள்.

2. தொழில் முடிந்த இடத்தைத் தேடுங்கள். பழைய ஈயக்குட்டை, கைவிட்ட மீன்குளம், நீர்த்தேக்கம், பழைய இடுகாடு, ஆற்றோர ஒதுக்குநிலம் ஆகியவற்றை இணைய வரைபடத்தின் வான்படத்தில் மாணவர்களே கண்டறிவர். பழைய வரைபடம் கிடைத்தால் இரண்டையும் ஒப்பிடச் செய்யுங்கள். அதுவே வரலாறும் புவியியலும் ஆகிவிடும்.

3. விளிம்பில் நில்லுங்கள். காடும் சாலையும், நீரும் நிலமும், தோட்டமும் புதரும் சந்திக்கும் இடங்களில் பறவைகளைக் காண்பது எளிது.

4. காலம் அறிந்து செல்லுங்கள். காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை சிறந்தது. வலசைப் பறவைகளுக்குச் செப்டம்பர் முதல் மார்ச் வரை, பருந்துகளுக்கு மார்ச். கடற்கரைக்குச் செல்வோர் ஓதநேரத்தைப் பார்த்துச் செல்ல வேண்டும். நீர் வற்றிய நேரத்தில் பறவைகள் தொலைவில் சேற்றில் சிதறிக் கிடக்கும். நீர் ஏறும்போது கரையை நெருங்கி வரும்.

5. பெரியவர்களைக் கேளுங்கள். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள மூத்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரட்டும். சிறு வயதில் எந்தப் பறவைகளைக் கண்டீர்கள்? அவற்றை என்ன பெயரால் அழைத்தீர்கள்? எங்கே கண்டீர்கள்? விடைகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

6. ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்பச் செல்லுங்கள். பத்து இடங்களை ஒருமுறை காண்பதைவிட, பள்ளிக்கு அருகில் உள்ள ஒரு குட்டையைப் பத்து முறை காண்பது மேல். நாள், நேரம், வானிலை, பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகிய ஐந்தும் குறிப்பேட்டில் இருக்கட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறம், அலகு, கால், நடை ஆகியவற்றை எழுதி, படம் வரையட்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் பதிவு செய்தால், அக்குறிப்பு உலக அறிவியலாருக்கும் பயன்படும்.

பாதுகாப்புப் பற்றியும் ஒரு சொல். ஈயக்குட்டைகள் கரையிலேயே ஆழமானவை. கரை மண் சரியக்கூடியது. மாணவர்களைக் கரையிலிருந்து தள்ளியே நிறுத்துங்கள்; பெரியவர் துணையின்றிச் செல்ல விடாதீர்கள். தனியார் நிலமாயின் இசைவு பெற்றுச் செல்லுங்கள். கூட்டை நெருங்க வேண்டாம். தாய்ப்பறவை அஞ்சி அகன்றால் முட்டையும் குஞ்சும் அழிந்துவிடும்.

தொலைநோக்கி வாங்க வசதியில்லை என்று தயங்க வேண்டியதில்லை. மலாயாப் பறவைகள் பற்றிய ஒரு நூல் சிறைக்குள்ளேயே எழுதப்பட்டது. ஒரு பயிற்சிப் புத்தகமும் ஒரு பென்சிலும் நம் பிள்ளைகளிடம் எப்போதும் உண்டு.

இந்த விடுமுறையில் ஒரு குட்டையைத் தேர்ந்தெடுங்கள். கண்ட பறவைகளைத் தமிழ்ப் பெயரோடு எழுதச் செய்யுங்கள். முதல் பக்கத்தில் நாளும், மாணவர் பெயரும் இருக்கட்டும். அந்நிலம் நாளை நிலைத்தாலும் மறைந்தாலும், அங்கே என்ன இருந்தது என்று சொல்ல நம் பிள்ளை ஒருவரின் ஏடு இருக்கும்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்